கத்திரி வெயிலில் ஓர் ஆறடித் தொட்டி

தியாகராய நகர் ஓர் ஏரிப் படுகையின் மேல் எழுந்த ஊர். 1920களில் மாம்பலம் பக்கத்து ஏரியை வடித்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்கள் போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இன்று அந்த ஏரிக்குத் தடயமே இல்லை. மீன் மட்டும் வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. ஜி.என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை ஓரத்து அடுக்குமாடி வீடுகளின் கூடங்களில் நாலடி, ஆறடிக் கண்ணாடித் தொட்டிகள் நிற்கின்றன. 1909-லேயே மெரினாவில் பொதுமக்களுக்காக மீன் காட்சியகம் திறந்த நகரம் இது. வண்ணமீனுக்கு நாடறிந்த கொளத்தூரும் இதே நகரத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஆசைக்கும் மீனுக்கும் குறைவில்லை.

குறை தட்பவெப்பத்தில் இருக்கிறது. குளிர்நாட்டில் மீன் வளர்ப்பவர் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் வாங்குகிறார். சென்னையில் வளர்ப்பவருக்கு ஆண்டில் எட்டு மாதமாவது எதிர்ப்பக்கக் கவலை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆனால் மீன்தொட்டிக்கு அத்தகைய ஒருநாள் உச்சம் பெரிய ஆபத்தல்ல. மே மாதத்தில் சராசரியாக இரவுகூட 28 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறதே, அதுதான் ஆபத்து. பகலில் வாங்கிய சூட்டை இறக்கிவைக்கத் தொட்டிக்கு ஒரு குளிர்ந்த நேரமே கிடைப்பதில்லை.

இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் ஐஸ் போடு, சில்லர் வாங்கு, ஏ.சி. போடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எது எவ்வளவு உதவும் என்பதைப் பள்ளிப் பாட இயற்பியலே சொல்லிவிடும்.

சூடு எப்படிக் கொல்கிறது?

வெயில் காலத்தில் மீன் செத்தால் ‘சூடு தாங்கல’ என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் சூடு நேரடியாகக் கொல்வதில்லை. மூச்சுத் திணறவைத்துத்தான் கொல்கிறது.

ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரில் 25 டிகிரியில் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரியில் அது 7.6 ஆகவும், 33 டிகிரியில் 7.2 ஆகவும் குறைகிறது. எட்டு டிகிரி ஏற்றத்தில் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது, இதற்கா பயம் என்று தோன்றலாம். இருப்பு குறையும் அதே நேரத்தில் தேவை கூடுவதுதான் சிக்கல். மீனுக்கு நம்மைப்போல் நிலையான உடல்வெப்பம் கிடையாது. தண்ணீரின் வெப்பமே அதன் உடல் வெப்பம். பத்து டிகிரி ஏறினால் உடலின் வேதிவினைகள் சுமார் இரு மடங்கு வேகம் பெறும் என்பது உயிரியலின் பொது விதி. 25-லிருந்து 33-க்குப் போனால் மீனின் ஆக்சிஜன் தேவை முக்கால் பங்கு கூடிவிடுகிறது. அதே தொட்டி, அதே மீன்கள்தான். ஆனால் மூச்சுக்கணக்கில் பார்த்தால் பத்து மீன் இருந்த இடத்தில் பதினேழு மீன் இருப்பதுபோல.

மீன் மட்டுமா மூச்சு விடுகிறது? ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் கேட்கின்றன. பகலில் ஆக்சிஜன் தந்த செடிகள் இரவில் அதை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் நண்பகல் அல்ல, விடியலுக்குச் சற்று முந்தைய நேரம். மே மாதக் காலையில் எழுந்து பார்க்கும்போது மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் காரணம் இதுதான்.

அம்மோனியாவும் சேர்ந்துகொள்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஓரளவு சாதுவானது, மற்றொன்று நஞ்சு. நஞ்சு வடிவத்தின் பங்கு காரத்தன்மையோடும் வெப்பத்தோடும் கூடும். பி.எச். 8 உள்ள நீரில் 25 டிகிரியில் அது 5.4 சதவீதம்; 30 டிகிரியில் 7.5 சதவீதம். கழிவு ஒரு துளிகூடக் கூடாமலேயே நஞ்சு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் காரப்பக்கம் சாய்ந்தது என்பதால் இது ஏட்டுக் கணக்கு இல்லை.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் ஆறடி, அகலம் இரண்டடி, உயரம் இரண்டடி. முழுக் கொள்ளளவு 680 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 600 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் தேவை. 600 லிட்டருக்கு 2,500 கிலோஜூல், அதாவது 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இவ்வளவு வெப்பம் சேர்ந்தால்தான் ஒரு டிகிரி ஏறும். ஆகவே பெரிய தொட்டி மெதுவாகத்தான் சூடாகும். அறை வெப்பத்துக்கும் தண்ணீர் வெப்பத்துக்கும் உள்ள இடைவெளி பாதியாகவே ஏறக்குறைய இருபது மணி நேரம் பிடிக்கும். இருபது லிட்டர் கிண்ணத்தில் இது ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். கிண்ணம் நண்பகல் உச்சத்தோடு ஏறி இரவோடு இறங்குகிறது. பெரிய தொட்டி நண்பகலைப் பொருட்படுத்தாது. நாள் முழுவதன் சராசரியைப் பின்தொடரும். இது பெரிய தொட்டியின் பலம். பலவீனமும் அதுவே: ஒருமுறை ஏறிவிட்டால் சீக்கிரம் இறங்காது.

சூடு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, கண்ணாடிச் சுவர் வழியே அறைக் காற்றிலிருந்து. நம் தொட்டியில் தண்ணீரைவிட அறை ஒவ்வொரு டிகிரி கூடுதலாக இருக்கும்போதும் சுமார் 25 வாட் வெப்பம் உள்ளே வரும் என்று கணக்கிடலாம். அறையின் நாள் சராசரி 32, தண்ணீர் 28.5 என்றால் ஏறக்குறைய 90 வாட். இரண்டாவது, பம்ப். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் 50 வாட் மோட்டார் செலவழிக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேர்கிறது. அதுவும் இரவும் பகலும். மூன்றாவது, விளக்கு. எட்டு மணி நேரம் எரியும் எல்.இ.டி. விளக்கின் பங்கு நாள் சராசரியில் 20, 25 வாட்.

மொத்தம் சுமார் 160 வாட். நாள் முழுவதும் சேர்த்தால் 13,800 கிலோஜூல். எங்கும் வெளியேறாமல் தங்கினால் தண்ணீரை ஐந்தரை டிகிரி ஏற்றிவிடும் அளவு. தொட்டியை 28.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால் இவ்வளவையும் தினமும் வெளியேற்றியாக வேண்டும்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடுகளிலும், மேற்குச் சுவரை ஒட்டி வைத்த தொட்டிகளிலும் கணக்கு இன்னும் மோசம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் இரவு பத்து, பதினொரு மணிவரை அந்தச் சூட்டை வீட்டுக்குள் விடுகின்றன. எனவே குளிர்விக்கும் சாதனம் எதையும் வாங்குமுன் தொட்டியின் இடத்தைப் பாருங்கள். உள்பக்கச் சுவர், நேர் வெயில் படாத மூலை, காற்றோட்டம்: இவை இலவசம். ஆறடித் தொட்டியை நிரப்பியபின் நகர்த்த முடியாது என்பதால் முதல்நாளே முடிவு செய்ய வேண்டியது இது.

ஒரு லிட்டர் ஆவியானால் ஒரு டிகிரி

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது எல்லோரும் படித்த பாடம். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது மீதி நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த உள்ளுறை வெப்பம் சாதாரண அளவல்ல. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,430 கிலோஜூல் வேண்டும். நம் 600 லிட்டர் தொட்டியை ஒரு டிகிரி இறக்க 2,500 கிலோஜூல் என்று பார்த்தோம். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஆறடித் தொட்டிக்காரர்கள் ஒரு வாய்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: ஒரு லிட்டர் ஆவியானால் ஒரு டிகிரி.

ஐஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி 28 டிகிரித் தண்ணீராகும்வரை எடுத்துக்கொள்வது 450 கிலோஜூல்தான். ஒரு டிகிரி இறக்க ஐந்தரை கிலோ ஐஸ் வேண்டும். இரண்டு பெரிய பாட்டில்களில் நாலு கிலோ உறையவைத்து மிதக்கவிட்டால் 0.7 டிகிரி குறையும். சில மணி நேரத்தில் மறுபடி ஏறும். அந்த ஐஸை உறையவைக்க ஃபிரிட்ஜ் எடுத்த சூடு அதன் பின்பக்கம் வழியாக அதே வீட்டுக்குள்தான் வந்திருக்கிறது. நெருக்கடி நேர முதலுதவியாக ஐஸ் சரி, தினசரி வைத்தியமாக ஆகாது.

ஆவியாதலைத் தூண்ட ஒரு சிறு மின்விசிறி போதும். நீர்மட்டத்துக்கு மேல், சற்றுச் சாய்வாக, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வகையான 12 வோல்ட் விசிறிகள் இரண்டு மூன்றை மாட்டினால் ஐந்தாறு வாட்தான் செலவு, நாளொன்றுக்கு 0.15 யூனிட்டைத் தொடாது. நாம் கண்ட 160 வாட் வெப்பத்தை ஆவியாதலே சுமக்க வேண்டுமானால் நாளுக்கு ஐந்தரை, ஆறு லிட்டர் தண்ணீர் காற்றில் போக வேண்டும். விசிறி ஓடும் ஆறடித் தொட்டியில், காற்று ஓரளவு உலர்ந்திருந்தால், அது நடக்கக்கூடியதே.

இதற்கு ஒரு நிபந்தனை, மேல் மூடி திறந்திருக்க வேண்டும். கண்ணாடி மூடியைப் போட்டுவிட்டு மேலே சீலிங் ஃபேனைச் சுழலவிடுவதால் தொட்டிக்குப் பயனில்லை. தொட்டி அறையைவிடக் குளிர்ந்திருந்தால், சூடான அறைக்காற்றைக் கண்ணாடியின் மேல் வேகமாக உரசவிட்டுச் சூட்டை உள்ளே தள்ளும் வேலைதான் நடக்கும். துள்ளிக் குதிக்கும் அரோவானா போன்ற மீன் இருந்தால் கண்ணாடிக்குப் பதில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலையைப் போடலாம். பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெர்மாகோல் ஒட்டுவதும் உதவும், தொட்டி அறையைவிடக் குளிர்ந்திருக்கும்வரை. விசிறியோ சில்லரோ இல்லாத தொட்டி பம்ப் சூட்டால் அறையைவிடச் சற்று வெப்பமாகவே இருக்கும். அதற்குத் தெர்மாகோல் போர்த்துவது வெளியே போக வேண்டிய சூட்டை உள்ளேயே பூட்டிவைப்பதாகும்.

கடற்காற்று யாருக்கு நண்பன்?

ஆவியாதலுக்கு ஓர் அடிமட்டம் உண்டு. காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் தண்ணீர் அதற்குக் கீழே குளிராது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை அது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். காற்றின் சூட்டையும் ஈரப்பதத்தையும் பொறுத்து அது மாறும்.

வேலூரில் 41 டிகிரி வெயில், ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை 25 டிகிரிதான். அங்கே விசிறி அற்புதம் செய்யும். சென்னையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும் முற்பகலில் 37 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஈரக்குமிழ் 26. பிற்பகலில் கடற்காற்று நுழைகிறது. கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் தி.நகரில் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிறோம். வெப்பம் 34-க்கு இறங்குகிறது, ஈரப்பதம் 65-க்கு ஏறுகிறது. இப்போது ஈரக்குமிழ் 28.5. மூன்று டிகிரி வெயில் குறைந்திருக்கிறது. ஆனால் விசிறியால் தண்ணீரைக் குளிர்விக்கக்கூடிய அடிமட்டம் இரண்டரை டிகிரி உயர்ந்துவிட்டது.

மனிதருக்கு இதமான கடற்காற்று மீன்தொட்டிக்கு எதிராக வேலை செய்கிறது. இரவு 30 டிகிரி, ஈரப்பதம் 80 என்றாலும் ஈரக்குமிழ் 27-ல்தான் நிற்கும். ஏர்கூலர் வேலூரிலும் மதுரையிலும் எடுபடுவதுபோல் சென்னையில் எடுபடாததற்கும் காரணம் இதுவே.

ஆவியாகும் வேகமும் ஈரப்பதத்தால் கடுமையாகக் குறைகிறது. அறை 32 டிகிரி, தண்ணீர் 28.5 என்று இருக்கும்போது ஈரப்பதம் 60-லிருந்து 75 சதவீதமானால் ஆவியாதல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தொட்டி நாளுக்கு ஐந்தாறு லிட்டரைக் காற்றில் விடுவதால், மூடிய அறையில் அந்த ஈரமே சேர்ந்து விசிறியை முடக்கும். மர அலமாரியில் பூஞ்சையும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைப்பதோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவிடுவதோ விசிறி முறையின் பாதி வெற்றி.

ஆக, ஏ.சி. இல்லாத சென்னைக் கூடத்தில் விசிறி ஒன்றை மட்டும் நம்பினால் கோடையில் தண்ணீர் 28 முதல் 30 டிகிரிவரை நிற்கும். விசிறி இல்லாவிட்டால் 32, 33. இந்த மூன்று நாலு டிகிரிதான் மூச்சுத் திணறலுக்கும் நிம்மதிக்கும் உள்ள இடைவெளி. அதற்கும் கீழே வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும்.

ஆவியாகாமல் தங்குவது

ஆவியாவது தூய நீர் மட்டும். அதில் கரைந்திருந்த உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரை நாளுக்கு ஆறு லிட்டர் ஊற்றி ஈடுகட்டினால், தினம் ஆறு கிராம் உப்பு கூடுகிறது. ஒரு மாதத்தில் 180 கிராம். 600 லிட்டரில் பங்கிட்டால் லிட்டருக்கு 300 மில்லிகிராம் ஏறியிருக்கும். கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளைக் கோடு படிவது இதன் அடையாளம்.

எனவே ஆவியான அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீர் அல்லது சுத்தமாகப் பிடித்த மழைநீர். வாராந்திர நீர்மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆர்.ஓ. கழிவுநீரை மீன்தொட்டியில் ஊற்றிச் சிக்கனம் பிடிப்பவர்கள் உண்டு. அதில் இருப்பது வடிகட்டி ஒதுக்கிய உப்பு. தொட்டிக்கு வேண்டாததும் அதுதான்.

நீர்மாற்றத்தின் நேரமும் முக்கியம். பிற்பகலில் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் கையைச் சுடுவது சென்னைவாசிகளுக்குத் தெரியும். அதை நேரே மீன்தொட்டியில் விட்டால் குளிர்விக்கப் பட்ட பாடு வீண். தரையடி சம்பிலிருந்து அதிகாலையில் மேலேற்றிய தண்ணீர் பல டிகிரி குறைவாக இருக்கும். பூமிக்குள் சில மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை பகலிரவு பார்க்காமல் ஊரின் ஆண்டு சராசரியை ஒட்டி நிற்கும். சென்னைக்கு அது 29 டிகிரியை ஒட்டியது. ஆகவே நீர்மாற்றம் காலை ஆறு மணி வேலை. மெட்ரோ வாட்டராக இருந்தால் குளோரினை நீக்கும் மருந்து கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

சில்லரும் ஏ.சி.யும்

சில்லர் என்பது தண்ணீருக்கான ஃபிரிட்ஜ். கம்ப்ரெசர் உண்டு, குளிர்வாயு உண்டு. ஈரப்பதம் அதைத் தடுக்காது. 25 என்று வைத்தால் 25-ல் நிறுத்தும். விலையும் மின்கட்டணமும் வேறு. தண்ணீரை 25-ல் வைக்க, 32 டிகிரி அறையில் சுவர் வழியே வரும் சூடு 175 வாட். பம்பும் விளக்கும் சேர்த்து மொத்தம் 250. சில்லர் ஒரு பங்கு மின்சாரத்தில் இரண்டு பங்கு வெப்பத்தை நீக்குவதாக வைத்தால் சராசரி 125 வாட், நாளுக்கு மூன்று யூனிட். தமிழ்நாட்டில் மின்கணக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 180 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைத் தொட்டி ஒன்றே தாண்டிவிடும். வீட்டின் மற்ற செலவையும் மேல் அடுக்குக் கட்டணத்துக்குத் தள்ளும்.

சில்லர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நீக்கிய 250 வாட்டோடு தான் தின்ற 125 வாட்டையும் சேர்த்து 375 வாட்டை அறையில் கொட்டும். பலர் அழகுக்காக அதைத் தொட்டியின் அடிப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். தன் வெப்பக்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து அது திணறும். பால்கனிக்கோ காற்றோட்டமுள்ள பின்பக்கத்துக்கோ குழாயை நீட்டி வைப்பதே முறை. பழைய சிறு ஃபிரிட்ஜுக்குள் குழாயைச் சுருட்டி வைத்துத் தண்ணீரை ஓட்டும் கைவைத்தியமும் உண்டு. ஃபிரிட்ஜ் குளிர்ந்த பொருளைக் குளிர்ச்சியாகவே காப்பதற்குச் செய்தது. இரவு பகலாக 200 வாட்டை இறைக்கச் செய்ததல்ல.

ஏ.சி. வேறு வகை. அறையைக் குளிர்விப்பதோடு காற்றை உலரவும் வைக்கிறது. அறை 27 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 20-க்குப் போய்விடும். அந்த அறையில் சிறு விசிறியே தொட்டியை 25 டிகிரிக்குக் கொண்டுவர முடியும். தொட்டியிலிருந்து ஆவியான தண்ணீர் ஏ.சி.யில் குளிர்ந்து, வெளிக்குழாயில் சொட்டாக விழும். ஆனால் நாள் முழுக்க ஏ.சி. ஓடும் கூடங்கள் எத்தனை? இரவு எட்டு மணி நேரம் மட்டும் 26 டிகிரியில் ஓடினால், விசிறி இல்லாத 31 டிகிரித் தொட்டி விடியும்போது ஏறக்குறைய ஒரு டிகிரிதான் இறங்கியிருக்கும். பெரிய தொட்டியின் மந்தம் இங்கே நமக்கு எதிராக நிற்கிறது. ஏ.சி.யோடு விசிறியையும் சேர்த்தால் அதே இரவில் பலன் கூடும்.

மின்சாரம் போனால்

கோடையில் மின்தடை வந்தால் தொட்டி கொதித்துவிடும் என்று பயந்து ஐஸ் தேடி ஓடுவார்கள். 600 லிட்டர் நீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் அரை டிகிரிகூட ஏறாது. அதற்குள் தீர்வது ஆக்சிஜன். பம்ப் நின்றதும் நீர்மட்டம் அசைவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைவது மிகவும் மெதுவாகிவிடும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளேயுள்ள பாக்டீரியாக்கள் மூச்சின்றி மடியத் தொடங்கும். ஆகவே இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டியது விளக்கோ சில்லரோ அல்ல, ஏர் பம்ப். சில வாட்டில் ஓடுவது அது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். நீண்ட நேரம் ஃபில்டர் நின்றிருந்தால் உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.

மற்ற ஏற்பாடுகளும் இதையொட்டியவை. இரவில் ஏர் ஸ்டோனை நிறுத்தாதீர்கள். ஃபில்டரின் வெளிக்குழாய் நீர்மட்டத்தைக் கலக்கும்படி இருக்கட்டும். விளக்கை நண்பகலில் எரிக்காமல் மாலை ஆறிலிருந்து பதினொன்றுவரை எரிக்கலாம்; வீட்டார் மீனைப் பார்க்கும் நேரமும் அதுதானே. தீனியைக் காலையில் கொடுங்கள், கோடையில் அளவைக் குறையுங்கள். செரிமானத்துக்கும் ஆக்சிஜன் வேண்டும். விசிறியின் ஒயர் ப்ளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலிருந்து தரையில் சொட்டிவிடும், ப்ளக்குக்குப் போகாது.

எந்த மீன்?

இத்தனை ஏற்பாட்டையும் தீர்மானிக்கும் முடிவு ஒன்று இருக்கிறது. அது கடையில் எடுப்பது. கொளத்தூர், செங்குன்றம், மாதவரம் பக்கங்களில் சிமெண்ட் தொட்டிகளில், நிழல்வலையின் கீழ் பிறந்து வளர்ந்த மீன்கள் சென்னை வெயிலிலேயே முட்டையிலிருந்து வந்தவை. மீனின் வெப்பத் தாங்குதிறன் அது பழகிய வெப்பத்தைப் பொறுத்து உயரும். மாற்றம் படிப்படியாக நடந்தால் போதும். அதே இனமானாலும் குளிர்ந்த நீரில் இருந்து நேற்று விமானத்தில் வந்திறங்கிய மீன் மே மாதத்தில் தடுமாறும். வாங்கப் போகும் நேரம்கூடக் கணக்குதான். இரண்டு லிட்டர் பையில் அடைத்த மீனோடு பிற்பகல் வெயிலில் பைக்கில் கொளத்தூரிலிருந்து தி.நகர் வருவது, ஆறடித் தொட்டியில் மெதுவாக ஏறும் சூட்டை அவசரமாகக் கொடுப்பதாகும்.

டிஸ்கஸ் அமேசான் ஆற்று மீன்; 28 முதல் 30 டிகிரி அதற்கு உகந்தது. பலரும் பயப்படும் இந்த மீன் வெப்பத்தைப் பொறுத்தவரை சென்னைக்குப் பொருத்தமானது. தூய்மையான நீர்தான் அதன் பிடிவாதம். கௌராமி, ஃபைட்டர், நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்கு நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றையே நேராக உள்ளிழுக்கும் தனி உறுப்பு இருக்கிறது. வெப்பமான, ஆக்சிஜன் குறைந்த குளங்களுக்காகவே வந்த உடலமைப்பு. மறுபக்கம், தங்கமீன் மிதமான குளிர்நாட்டு இனம். கோடையில் தாக்குப்பிடிக்கும், செழிக்காது. நியான் டெட்ராவுக்கு 26-க்கு மேல் நீண்ட நாள் ஒத்துவராது. ‘மிஸ் கேரளா’ என்று விற்கப்படும் மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான, குளிர்ந்த ஓடைகளைச் சேர்ந்தது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனமும்கூட.

கடல்நீர்த் தொட்டியின் கணக்கு இன்னும் இறுக்கமானது. உப்புநீரில் ஆக்சிஜன் மேலும் குறைவு, ஆவியாதலால் உப்பும் ஏறும். சில்லர் இல்லாமல் தொடங்காதிருப்பதே நல்லது. பவளத்தைப் பற்றி ஆசைப்படவே வேண்டாம். பாறை அமைக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வெப்பத்துக்கு அவை எவ்வளவு நொய்மையானவை என்பதற்கு மன்னார் வளைகுடாவே சாட்சி. 2010, 2016 கோடைகளில் கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடானபோது, உள்ளே குடியிருந்த பாசிகளை இழந்து பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஒரு பகுதி மீளவே இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மாதவரத்தில் உள்ள தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் வண்ணமீன் வளர்ப்பில் பயிற்சி தருகிறது. போகுமுன் வீட்டில் ஒரு வேலை செய்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நாட்கள், தொட்டி வைக்கப்போகும் இடத்தின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை குறித்துவையுங்கள். அந்த எண்களே உங்கள் வீட்டில் எந்த மீன் வாழும் என்று சொல்லிவிடும்.

தண்ணீரைக் குளிரவைப்பதைவிட நிலையாக வைப்பதும், ஆக்சிஜன் குறையாமல் பார்ப்பதும் முக்கியம். 29 டிகிரியில் அசையாமல் நிற்கும் தொட்டி, 26-க்கும் 31-க்கும் இடையே தினமும் ஊசலாடும் தொட்டியைவிட மேல். முதலில் மூன்று சிறு விசிறியும் ஓர் ஏர் பம்பும் வாங்குங்கள். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் சில்லரைப் பற்றி யோசியுங்கள். 26 டிகிரிக்குக் கீழே மட்டும் வாழும் மீனை, மின்கட்டணத்தைக் கட்டத் தயாராக இல்லையென்றால், சென்னையில் வாங்காதீர்கள்.